தாருஸ்ஸலாமில் கொசுப்புழுவைத் தேடிய தினக்கூலிகள்: நகர்ப்புற மலேரியாத் தடுப்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு, 2004–2008

எதற்காக இந்தப் பதிவு

நெரிசலான நகரத்தில் மலேரியாவைத் தடுக்க மக்கள் சேர்ந்து உழைக்க வேண்டும் என்று எல்லாத் திட்ட அறிக்கைகளும் சொல்கின்றன. எந்தத் தெருவுக்கு யார் போவது, வாரத்தில் எந்தக் கிழமை போவது, என்ன கூலிக்குப் போவது என்பதைச் சொல்லும் அறிக்கைகள் குறைவு. தான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகரில் 2004 முதல் 2008 வரை நடந்த நகர்ப்புற மலேரியாத் தடுப்புத் திட்டம் இந்தச் சில்லறைக் கேள்விகளிலேயே பெரும்பாலான நேரத்தைச் செலவிட்டது. அதனால்தான் அதைப் பதிவு செய்வது பயன் தரும் என்று நினைக்கிறேன். வெற்றிக் கதையாக இது பல இடங்களில் சொல்லப்பட்டுவிட்டது. வெற்றி எவ்வளவு, அதில் யாருடைய பங்கு எவ்வளவு என்பது அவ்வளவு நேரான கணக்கு அல்ல.

ஊரும் நோயும்

தாருஸ்ஸலாம் இந்தியப் பெருங்கடல் கரையில் உள்ள துறைமுக நகரம், நாட்டின் மிகப் பெரிய ஊர். 2002 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 25 லட்சம் பேர். அவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் திட்டமிடாமல் எழுந்த குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். அங்கே வீடுகள் முதலில் வந்தன. சாலையும் வடிகாலும் பின்னால் வந்தன, அல்லது வரவே இல்லை. ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம்: மார்ச் முதல் மே வரை பெருமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிறுமழை. நிலத்தடி நீர் பல இடங்களில் தரைக்கு மிக அருகில் இருப்பதால் ஒரு முழம் தோண்டினாலே குழி ஊறி நிற்கும்.

இங்கே மலேரியா என்றால் பெரும்பாலும் பால்சிபாரம் வகை. சென்னை வாசகருக்குப் பழக்கமான வைவாக்ஸ் காய்ச்சலைவிட ஆபத்தானது. சிறு குழந்தைகளைக் கொல்லக்கூடியது. நோயைப் பரப்பும் கடத்திக் கொசுவும் வேறு. சென்னையில் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் முட்டையிடும் அனாபிலிஸ் ஸ்டீபென்சியைத் தேடி மாநகராட்சிப் பணியாளர்கள் வீட்டுக்குள் வருகிறார்கள். தாருஸ்ஸலாமில் முதன்மைக் கடத்தி அனாபிலிஸ் காம்பியே குடும்பம். வெயில் படும் தரைக் குட்டைதான் அதற்குப் பிடித்த இடம். அதனால் அங்கே தேடல் வீட்டுக்கு வெளியே, திறந்த நிலத்தில் நடந்தாக வேண்டும்.

முன்பு நடந்தவை

இந்த ஊருக்கு மலேரியா ஒழிப்பு புதிதல்ல. ஜெர்மானியர் ஆண்ட காலத்தில், 1901 வாக்கிலேயே, இரத்தம் சோதித்துக் குயினைன் கொடுக்கும் இயக்கம் நடந்தது. ஆங்கிலேயர் காலத்தில் வடிகால் வெட்டியும் எண்ணெய் தெளித்தும் பார்த்தார்கள். 1988 முதல் 1996 வரை ஜப்பான் அரசின் உதவியுடன் தாருஸ்ஸலாமிலும் டாங்காவிலும் ஒரு பெரிய திட்டம் ஓடியது. வீட்டுச் சுவர்களில் மருந்தடிப்பு, புழுக்கொல்லி, வடிகால் சீரமைப்பு என எல்லாம் அதில் இருந்தன. உதவி நின்றதும் வேலையும் நின்றது. வண்டியும் இயந்திரமும் வெளியிலிருந்து வந்தவை. அவற்றை ஓட்டும் செலவு நகராட்சியின் சொந்தக் கணக்கில் ஒருபோதும் ஏறவில்லை.

2004இல் புதிய திட்டத்தை வகுத்தவர்கள் இந்த முடிவைக் கண்முன் வைத்திருந்தார்கள். நகர மருத்துவ அலுவலகமும் இலாலா, கினோண்டோனி, டெமேகே என்ற மூன்று நகராட்சிகளும் வேலையை நடத்துவது, இஃபாகரா ஆய்வு மையம், சுவிஸ் வெப்பமண்டல நிறுவனம், ஹார்வர்டு பல்கலைக்கழகம் முதலியவற்றின் ஆய்வாளர்கள் அளவீட்டையும் பயிற்சியையும் பார்த்துக்கொள்வது என்று பிரித்துக்கொண்டார்கள். பணத்தின் பெரும்பகுதி இந்த முறையும் வெளியிலிருந்துதான் வந்தது. ஆனால் வேலையைச் செய்யும் கைகள் நகராட்சியின் கைகளாக இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள்.

2004–2005: இடத்தை அறிதல்

நகரின் 73 வார்டுகளில் நகராட்சிக்கு ஐந்து வீதம் 15 வார்டுகள் தேர்வாயின. பரப்பு சுமார் 55 சதுர கிலோமீட்டர், மக்கள் ஆறு லட்சத்துக்கு மேல். மருந்து போடுவதற்கு முன் இரண்டு ஆண்டுகள் நிலவரத்தை அளப்பது என்று முடிவெடுத்தார்கள். குழந்தைகள் காய்ச்சலில் கிடக்கும்போது இரண்டு ஆண்டு அளந்துகொண்டிருப்பதா என்று கேட்கத் தோன்றும். அந்த அளவீடு இல்லாமல் போயிருந்தால் பின்னால் வந்த எந்த எண்ணையும் நம்பியிருக்க முடியாது. அளவீட்டின்போது தொற்று தெரியவந்தவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்தார்கள்.

அளவீடு மூன்று வழிகளில் நடந்தது. வீடு வீடாகப் போய் விரல் நுனியில் இரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அத்துடன் வலை, ஜன்னல், கூரை பற்றிய கேள்விகளும் கேட்டார்கள். 268 இடங்களில் இரவு முழுவதும் ஆள் உட்கார்ந்து தன் காலில் வந்து அமரும் கொசுக்களைப் பிடித்து எண்ணினார். மூன்றாவதாக, தண்ணீர் நிற்கும் இடங்களில் அகப்பையால் முகந்து புழு இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

புழு தேடியவர்கள் கண்டவை பாடப்புத்தகத்தோடு முழுதும் ஒத்துப்போகவில்லை. மலேரியாக் கொசு தெளிந்த நீரில்தான் வளரும் என்பது எல்லோரும் படித்த செய்தி. தாருஸ்ஸலாமில் கழிவு கலந்த, நாறும் நீரிலும் அனாபிலிஸ் புழுக்கள் கிடைத்தன. குப்பையால் அடைபட்ட வடிகால், லாரி டயர் பதித்துப் போன தடம், கட்டட வேலைக்குத் தோண்டி விட்ட குழி, கடலோரச் சதுப்பு, ஆற்றோரத் தேக்கம், நெல் வயல் என வகைகள் நீண்டன. பள்ளத்தாக்கு நிலங்களில் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்காக மேடு கட்டுவார்கள். மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் நீர் தேங்கும். இந்த மேடுகளுக்கு அந்த ஊரில் மட்டூட்டா என்று பெயர். இவற்றில் பாதிக்கு மேல் மனிதர் கை பட்டு உண்டானவை. வடிகாலே கொசு வளர்ப்பிடம் ஆகிவிட்டது என்பதுதான் பொறியாளர்களுக்குச் சங்கடமான செய்தி. வெட்டிய வடிகாலைத் தூர்வாராமல் விட்டால் அது ஒரு நீளமான குட்டை, அவ்வளவுதான்.

இரவில் கொசு பிடித்தவர்களிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. இந்த ஊர் அனாபிலிஸ் வீட்டுக்குள் கடிப்பதைவிட வெளியே கடிப்பது அதிகம். புழுக்கமான நகரத்தில் மக்கள் இரவு வெகுநேரம் முற்றத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள், சமைக்கிறார்கள். கிராமத்தில் கொசுவலை தரும் பாதுகாப்பில் ஒரு பகுதி இங்கே கிடைப்பதில்லை. வலை வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. வலை மட்டும் போதாது. கொசு பறப்பதற்கு முன், தண்ணீரில் இருக்கும்போதே பிடிக்க வேண்டும் என்ற முடிவுக்கு இந்தக் கவனிப்பு முக்கியக் காரணம்.

ஆள் எடுத்தது

தான்சானியாவில் வார்டுக்குக் கீழே ம்டா என்ற அலகு உண்டு. நம் ஊர்க் கணக்கில் ஒரு பேட்டை என்று வைத்துக்கொள்ளலாம். இந்த 15 வார்டுகளில் 67 ம்டாக்கள். அதற்கும் கீழே பத்து வீட்டு அலகு. ஒற்றைக் கட்சி ஆட்சிக் காலத்தில் கட்சி அமைப்பாக உருவானது இது. பத்து வீட்டுக்கு ஒரு தலைவர். அவரை ம்ஜும்பே என்பார்கள். பெயர்தான் பத்து வீடு. நகரத்தில் நெரிசல் கூடக் கூட ஓர் அலகில் 20 முதல் 100 வீடுகள் வரை சேர்ந்துவிட்டன. இப்படி 3,000க்கும் மேற்பட்ட அலகுகள்.

திட்டம் இந்த அலகுகளைத் தன் அடிப்படையாக எடுத்துக்கொண்டது. புதிதாகக் குழு அமைக்கவில்லை, புதிதாக எல்லை கிழிக்கவில்லை. ஒவ்வொரு பேட்டையிலும் தெருத் தலைவர்கள், சுகாதாரக் குழுக்கள் வழியாக உள்ளூர் ஆட்களைத் தேர்ந்தார்கள். பெரும்பாலும் நிலையான வேலை இல்லாத ஆண்களும் பெண்களும். ஒவ்வொருவருக்கும் இத்தனை அலகுகள், திங்கட்கிழமை இவை, செவ்வாய்க்கிழமை இவை என்று அட்டவணை.

கூலி விஷயத்தில் எடுத்த முடிவு முக்கியமானது. நாளுக்கு 3,000 ஷில்லிங், அன்றைய மதிப்பில் சுமார் இரண்டரை அமெரிக்க டாலர். குப்பை அள்ளவும் சாலை பெருக்கவும் நகராட்சி ஆள் வைக்கும் அதே தினக்கூலி முறையில் இவர்களையும் சேர்த்தார்கள். சேவை மனப்பான்மை இருந்தால் போதும் என்று இலவசமாக வேலை வாங்கப் பார்க்கவில்லை. வாரம் தவறாமல், மழையிலும் சேற்றிலும், பிறர் வீட்டுக் கொல்லையில் குனிந்து குட்டை பார்க்கும் வேலையைக் கூலியில்லாமல் மாதக்கணக்கில் யாரும் செய்ய மாட்டார்கள். செய்வார்கள் என்று எதிர்பார்ப்பதே நியாயமில்லை. ஏழைப் பேட்டைகளில்தான் இந்த எதிர்பார்ப்பு எப்போதும் வைக்கப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வசதியான பகுதியில் சாக்கடை அள்ள வாருங்கள் என்று யாரும் குடியிருப்போரைக் கூப்பிடுவதில்லை.

இந்த முறைக்கு ஒரு பலவீனமும் உண்டு. தினக்கூலிக்கு நாளைய உறுதி இல்லை. அதைவிட நல்ல வேலை கிடைத்தால் ஆள் போய்விடுவார். அவரோடு அந்தத் தெருவைப் பற்றிய அறிவும் போய்விடும். தலைவர்கள் வழியே ஆள் எடுத்தால் அவர்களுக்கு வேண்டியவர்கள் நுழைய இடம் இருக்கிறது. இரண்டையும் திட்டத்தால் முழுதாகத் தீர்க்க முடியவில்லை.

வரைபடம்

தொடக்கத்தில் பணியாளர்கள் தாங்கள் பார்க்கும் பகுதியைத் தாங்களே கையால் வரைந்தார்கள். இந்த வேப்பமரம், அந்தக் கடை, பள்ளிச் சுவர், அதன் பின்னால் சாக்கடை என்று அடையாளம் வைத்து வரைந்த படங்கள் அவை. உள்ளூர்க்காரருக்கு அது போதும். மேற்பார்வையாளர் வந்தால் எந்தக் குட்டை எது என்று தெரியாது. அதைவிடப் பெரிய சிக்கல், பக்கத்துப் பக்கத்து அலகுகளின் படங்களை ஒட்டிப் பார்த்தால் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத இடம் இருந்தது. ஆற்றோரம், ரயில் பாதையோரம், தொழிற்சாலை வளாகம், அரசு நிறுவன வளாகம், காலி நிலம். அங்கே வீடு இல்லை. வீடு இல்லாததால் அலகு இல்லை. அலகு இல்லாததால் போக ஆளும் இல்லை. கொசுவுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்!

இதைச் சரிசெய்ய எடுத்த வழி எளிமையானது. நகரின் வான்வழிப் படங்களைப் பெரிதாக அச்சிட்டு, லேமினேட் செய்து, களத்துக்கு எடுத்துப் போனார்கள். பணியாளரும் தொழில்நுட்பரும் பத்து வீட்டுத் தலைவரும் சேர்ந்து எல்லையில் நடந்தார்கள். படத்தில் வீட்டுக் கூரையைக் கண்டுபிடித்து, எந்தக் கூரையோடு எந்த அலகு முடிகிறது என்று பேனாவால் கோடு போட்டார்கள். பிறகு அலுவலகத்தில் அதைக் கணினியில் ஏற்றினார்கள். விடுபட்ட துண்டு நிலங்கள் ஒவ்வொன்றையும் பக்கத்து அலகோடு சேர்த்து யாரேனும் ஒருவர் தலையில் கட்டினார்கள்.

இந்தத் திட்டத்தில் பிற நகரங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளத்தக்க ஒன்று இருக்குமானால், அது இதுதான் என்பது என் கருத்து. மருந்தின் பெயர் மாறலாம், கொசு இனம் மாறலாம். யாருடைய பொறுப்பும் இல்லாத சதுர மீட்டர் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது மாறாது. சென்னையில் கூவம் கரையோரம் நடந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மருந்துத் தேர்வு

திறந்த நீர்நிலைகளுக்கு பி.டி.ஐ. எனப்படும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியாத் தயாரிப்பைத் தேர்ந்தார்கள். இது தொடு நஞ்சு அல்ல. புழு இதைத் தின்றால் அதன் குடலில் இருக்கும் கார நீரில் பாக்டீரியாவின் புரதப் படிகம் கரைந்து குடற்சுவரைச் சிதைக்கிறது. ஒரு நாளுக்குள் புழு செத்துவிடும். மனிதருக்கும் மீனுக்கும் கால்நடைக்கும் தீங்கு இல்லை. பாசன நீரிலும் துணி துவைக்கும் ஓடையிலும் போட வேண்டியிருந்ததால் இது முக்கியம். மக்காச்சோள நொறுக்கில் ஏற்றிய குருணை வடிவம் புல்லையும் இலையையும் ஊடுருவித் தண்ணீரைத் தொடும். கையால் விதைப்பதுபோல வீசலாம், இயந்திரம் தேவையில்லை.

குறை என்னவென்றால் பி.டி.ஐ. திறந்த நீரில் சில நாள்தான் வேலை செய்யும். அந்த வெப்பத்தில் முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் பத்து நாள் போதும். கூட்டுப்புழு எதையும் தின்னாது, ஆகவே அந்தப் பருவத்தை எட்டிவிட்டால் மருந்து பலிக்காது. கணக்குப் பார்த்தால் வாரம் ஒரு முறை ஒவ்வொரு குட்டையையும் தொட்டாக வேண்டும். ஒரு வாரம் விட்டால் ஒரு தலைமுறைக் கொசு பறந்துவிடும்.

மூடிய இடங்களுக்கு, அதாவது குழிக் கழிப்பறை, உறிஞ்சு குழி, செப்டிக் டேங்க் போன்றவற்றுக்கு, பாசில்லஸ் ஸ்பேரிகஸ் என்ற வேறொரு பாக்டீரியா. அழுக்கு நீரில் இது நீண்ட நாள் நிற்கும் என்பதால் வாரந்தோறும் போகத் தேவையில்லை. இங்கே ஒரு கேள்வி எழும். கழிப்பறைக் குழியில் வளர்வது கியூலெக்ஸ் என்ற வேறு கொசு. அது மலேரியாவைப் பரப்பாது. மலேரியாத் திட்டத்தின் பணத்தை அதற்கு ஏன் செலவிட வேண்டும்? காரணம் நடைமுறை சார்ந்தது. இரவில் மக்களைக் கடிக்கும் கொசுக்களில் மிகப் பெரும்பாலானவை கியூலெக்ஸ்தான். அனாபிலிஸ் எண்ணிக்கையில் வெகு சொற்பம். அனாபிலிஸை அடியோடு ஒழித்தாலும் படுக்கையில் கிடப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. வாரந்தோறும் வந்து என்னவோ தூவுகிறார்கள், கொசு அப்படியேதானே இருக்கிறது என்று கதவைச் சாத்திவிடுவார். யானைக்கால் நோயைப் பரப்புவதும் அந்தக் கியூலெக்ஸ்தான் என்பதால் செலவு வீணும் இல்லை. மக்களுக்கு எரிச்சலூட்டும் கொசுவையும் குறைத்தால்தான் மக்களைக் கொல்லும் கொசுவிடம் போக வழி கிடைக்கும் என்று முடிவெடுத்தது சரியே.

மார்ச் 2006: மூன்று வார்டுகள்

மருந்து முதலில் மூன்று வார்டுகளில் மட்டும் தொடங்கியது: இலாலாவில் புகுருனி, கினோண்டோனியில் மிகோசேனி, டெமேகேயில் குராசினி. நகராட்சிக்கு ஒன்று. புகுருனி நெருக்கமான ஏழைக் குடியிருப்பு. மிகோசேனியில் மதில் சுவர் கட்டிய வசதியான வீடுகள் நிறைய. குராசினி துறைமுகத்தை ஒட்டியது. ஒரே வேலைமுறை மூன்று விதமான நிலத்தில் சோதனைக்கு வந்தது.

திறந்த குட்டைக்கு மருந்து போடுபவர் ஒருவர், மூடிய இடத்துக்கு வேறொருவர், புழு இருக்கிறதா என்று பார்ப்பவர் மூன்றாமவர். மருந்து போட்டவரே போய் வேலை நன்றாக நடந்தது என்று எழுதும் வழி இதனால் அடைபட்டது. வார்டு மேற்பார்வையாளர் இடையிடையே திடீரென்று வந்து பார்த்தார். அவருக்கு மேல் நகராட்சி ஒருங்கிணைப்பாளர். மருந்து போட்ட குட்டையில் முதிர்ந்த புழு கிடைத்தால் அது அந்த வாரமே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

களத்தில் இடறிய இடங்கள்

முதலாவது, மதில் சுவர். பூட்டிய வாயில், காவலாளி, நாய். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருப்பார். காவலாளிக்கு யாரையும் உள்ளே விட அதிகாரம் இல்லை. உள்ளே தோட்டத்துத் தொட்டியிலோ கட்டட வேலைக்குத் தேக்கிய நீரிலோ புழு வளரும். பணியாளர்கள் எத்தனை நீர்நிலைகளைக் கண்டறிகிறார்கள் என்று பின்னர் ஆய்வாளர்கள் தனியே போய்ச் சரிபார்த்தபோது கணிசமானவை விடுபட்டிருந்தன. சுவர் சூழ்ந்த மனைகளில் விடுபடுவது கூடுதல். கண்டறிந்த நீரிலும் புழு இருந்ததைப் பலமுறை இல்லை என்று எழுதியிருந்தார்கள். இளம்புழு மிகச் சிறியது. நிழல் விழுந்தால் அடியில் போய்விடும். அகப்பையால் முகக்கத் தெரிவது ஒரு கைப்பழக்கம், ஒரு நாள் பயிற்சியில் வராது.

இரண்டாவது, சந்தேகம். தண்ணீரில் எதையோ கொட்டுகிறவரைப் பார்த்தால் எந்த ஊரிலும் மக்கள் கேட்கத்தான் செய்வார்கள். பணியாளர் அதே பேட்டைக்காரர் என்பது இங்கே உதவியது. அலகுத் தலைவரோடு சேர்ந்து போனால் இன்னும் உதவியது.

மூன்றாவது, மழை. கோடையில் குட்டைகள் குறைவு, இடமும் மாறாது. எல்லாவற்றையும் ஒரு வாரத்தில் சுற்றிவிடலாம். பெருமழை தொடங்கினால் ஒவ்வொரு டயர் தடமும் குட்டை. அதே ஆள், அதே கூலி, அதே ஆறு நாள். வேலை மட்டும் பல மடங்கு. போட்ட மருந்தும் அடித்துக்கொண்டு போகும்.

வடிகால்களைப் பொறுத்தவரை வேறொரு முயற்சியும் இந்தக் காலத்தில் நடந்தது. சில பகுதிகளில் குடியிருப்போரும் நகராட்சியும் சேர்ந்து அடைபட்ட வடிகால்களைத் தூர்வாரினார்கள். நீர் ஓடியது, புழு குறைந்தது. ஆனால் குப்பை எடுக்க வண்டி வராத தெருவில் வடிகால்தான் குப்பைத்தொட்டி. தூர்வாரும் வேலை ஒரு சனிக்கிழமையில் முடியும். குப்பை வண்டி தினமும் வர வேண்டும். பின்னது இல்லாமல் முன்னது நிலைக்காது.

விரிவாக்கமும் விளைவும்

2007இல் மருந்து ஒன்பது வார்டுகளுக்கும், 2008இல் 15 வார்டுகளுக்கும் விரிந்தது. ஆள் தேர்வு, எல்லை நடை, அட்டவணை எல்லாம் முதல் மூன்று வார்டுகளில் பழகியிருந்ததால் புதிய வார்டுகளில் தொடங்குவது எளிதாயிற்று.

முதல் ஆண்டு மதிப்பீட்டில், மருந்து போட்ட வார்டுகளில் முதன்மைக் கடத்தியால் நோய் பரவுவது 31 விழுக்காடு குறைந்திருந்தது. ஐந்து ஆண்டுத் தரவையும் சேர்த்து, ஆறு சுற்றுகளில் திரட்டிய 64,537 சோதனைகளை வைத்து 2013இல் வெளியான ஆய்வு, பிற காரணங்களைக் கழித்துப் பார்த்தால், மருந்து போட்ட பகுதியில் வாழ்பவருக்குத் தொற்று இருக்கும் வாய்ப்பு 21 விழுக்காடு குறைவு என்றது. கோடையில் பலன் கூடுதல். கொசுவலையோடும் ஜன்னல் வலையோடும் சேரும்போது இன்னும் கூடுதல். செலவு, பாதுகாக்கப்பட்ட ஒருவருக்கு ஆண்டுக்கு 0.94 டாலர். நெரிசலே இங்கே அனுகூலமாயிற்று: ஒரு குட்டையை ஒழித்தால் அதைச் சுற்றி நூற்றுக்கணக்கானோர் பயன்பெறுகிறார்கள். கிராமத்தில் அதே கூலிக்குச் சில வீடுகள்தான்.

எதனால் குறைந்தது?

2004க்கும் 2008க்கும் இடையில் அந்த நகரத்தில் மலேரியாத் தொற்று மிகப் பெரிய அளவில் இறங்கியது. 21 விழுக்காடு என்பது அந்த இறக்கத்தின் ஒரு துண்டுதான். மருந்து தொடங்கும் முன்பே இறக்கம் தொடங்கிவிட்டது. இடையில் வேறு மாற்றங்களும் நடந்தன. 2006 இறுதியில் தான்சானியா பழைய மாத்திரையை விட்டு ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்துக்கு மாறியது. கொசுவலை பரவியது. எல்லாவற்றுக்கும் மேலாக, மக்கள் தங்கள் சொந்தக் காசில் கடையில் வலை வாங்கி ஜன்னல்களில் அடித்துக்கொண்டார்கள். எந்தத் திட்டமும் சொல்லி அவர்கள் செய்ததல்ல. கியூலெக்ஸ் கடி தாங்காமல் செய்தது. 2019இல் அதே தரவை மறுபடி ஆராய்ந்தவர்கள், தொற்று குறைந்ததில் இந்த ஜன்னல் வலைக்குப் பெரிய பங்கு இருப்பதாகக் காட்டினார்கள்.

திட்டத்தின் மதிப்பை இது குறைக்கிறது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பேட்டை மக்களின் பங்களிப்பு என்று எதை எண்ணுகிறோம் என்பதைத் திருத்திக்கொள்ள வைக்கிறது. அலுவலகம் வகுத்த அட்டவணைப்படி நடந்ததை மட்டும் எண்ணினால், தச்சரைக் கூப்பிட்டு ஜன்னலுக்குச் சட்டம் அடித்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கணக்கில் வராமல் போகும்.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

வார்டுகளுக்கு மருந்து வரும் வரிசையைக் குலுக்கல் முறையில் தீர்மானித்திருக்க வேண்டும். எப்படியும் படிப்படியாகத்தான் விரிவாக்கப் போகிறார்கள். எந்த வார்டு முதலில் என்பதைச் சீட்டெடுத்து முடிவு செய்ய ஒரு காசும் கூடுதல் செலவில்லை. அதைச் செய்யாததால்தான் பலன் எவ்வளவு என்ற விவாதம் பதினைந்து ஆண்டு நீண்டது.

மதில் சுவர் வீடுகளையும் நிறுவன வளாகங்களையும் தினக்கூலிப் பணியாளரின் பேச்சுத் திறமைக்கு விட்டிருக்கக்கூடாது. நுழையும் உரிமை நகராட்சி அறிவிப்பாக, அடையாள அட்டையோடு, வாயிற்காவலாளிக்கும் புரியும்படி இருந்தாக வேண்டும். அதிகாரமுள்ள வீட்டின் கதவைத் தட்டும் வேலையை அதிகாரமே இல்லாத ஒருவரிடம் கொடுத்தால் அவர் அந்தக் கதவைத் தவிர்க்கத்தான் செய்வார்.

மழைக்காலத்துக்குக் கூடுதல் ஆள் வேண்டும், அல்லது மழைக்காலத்தில் எதை விடுவது என்ற முன்முடிவு வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2012இல் வெளியிட்ட நிலைப்பாடும் கொசு வளர்ப்பிடங்கள் எண்ணிக்கையில் குறைவாக, இடம் மாறாமல், கண்டுபிடிக்கக் கூடியவையாக இருக்கும் ஊர்களுக்குத்தான் புழுக்கொல்லியைப் பரிந்துரைத்தது. தாருஸ்ஸலாம் கோடையில் அப்படிப்பட்ட ஊர். பெருமழையில் அது வேறு ஊர்.

ஜன்னல் வலை அடிக்க வசதியில்லாத வீடுகளை அடையாளம் கண்டு உதவியிருக்கலாம். வீடு வீடாகப் போய் ஜன்னலைப் பற்றிக் கேட்டு எழுதிய படிவங்கள் கையில் இருந்தன.

பின்னர்

தான்சானியா இந்த வழியை விட்டுவிடவில்லை. கியூபாவின் தொழில்நுட்பத்தோடு கிபாஹாவில் உயிரிப் புழுக்கொல்லித் தொழிற்சாலை ஒன்றை அரசு கட்டியது. 2017இல் மாவட்ட மன்றங்கள் அங்கிருந்து மருந்து வாங்க வேண்டும் என்று அன்றைய அதிபர் மகுஃபுலி உத்தரவிட்டார். மருந்துக்கு வெளிநாட்டைப் பார்த்திருக்கும் நிலை இதனால் குறைந்தது. வாராவாரம் குட்டைக்குப் போகும் ஆளின் கூலி யார் கணக்கில், மேற்பார்வையாளரின் பேருந்துச் செலவு யார் கணக்கில் என்ற பழைய கேள்விக்கு மன்றத்துக்கு மன்றம் பதில் வேறுபடுகிறது. டப்பாவில் மருந்து கிடங்குக்கு வந்து சேர்வதும் அது வாரந்தோறும் தண்ணீரில் விழுவதும் இரண்டு தனி வேலைகள்.

இதற்கிடையே ஆப்பிரிக்க நகரங்களுக்கு நம் ஊர்க் கொசு போய்ச் சேர்ந்திருக்கிறது. 2012இல் ஜிபூட்டியில் அனாபிலிஸ் ஸ்டீபென்சி காணப்பட்டது. பின்னர் எத்தியோப்பியா, சூடான், சோமாலியா, கென்யா என்று பரவியது. இலங்கையிலும், மலேரியா அற்ற நாடு என்று 2016இல் சான்று பெற்ற சில மாதங்களிலேயே, மன்னாரில் தென்பட்டது. தரைக் குட்டைகளை மட்டும் சுற்றிவரும் அட்டவணை இந்தக் கொசுவிடம் பலிக்காது. தொட்டிக்கும் பீப்பாய்க்கும், அதாவது வீட்டுக்குள், போயாக வேண்டும். அந்த எல்லைக்கோட்டு வரைபடமும் பேட்டைக்காரப் பணியாளரும் அதற்கும் பயன்படும். ஆனால் தாருஸ்ஸலாமில் மதில் சுவர் வீடுகளின் வாசலில் நின்றுபோன வேலை, இனி ஏணி வைத்து மாடிக்கு ஏற வேண்டியிருக்கும்.